கூகுள் பிசினஸ் புரொஃபைல்: மார்த்தாண்டத்துச் சிப்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

குமரி மாவட்டத்தில் சிறு கடை நடத்தும் ஒருவர் இணைய விளம்பரத்துக்காக முதலில் எதைச் செய்யலாம் என்று கேட்டால், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நம் கடையின் விவரங்களைக் காட்டும், காசு கொடுக்காமல் கிடைக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைலைத்தான் சொல்வேன். அடுத்து எதைச் செய்யலாம் என்று கேட்டால், முதல் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வாருங்கள் என்பேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், ஃபேஸ்புக் பூஸ்ட், மாதப் பேக்கேஜ் என்று பல பெயர்களில் நம் கடைவாசலுக்கு வரும் சேவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். இந்தச் சேவையில் எரிச்சலூட்டும் குறைகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் கடை மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிறது. நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, அச்சப்பம், தேன், கிராம்பு ஆகியவை எங்கள் சரக்கு. வாங்க வருபவர்களில் ஒரு பகுதியினர் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு வழிகாட்ட எந்த வரைபடமும் தேவையில்லை. மற்றொரு பகுதியினர் களியக்காவிளை தாண்டி வரும் கேரளக் குடும்பங்கள், கன்னியாகுமரி பார்த்துத் திரும்பும் சுற்றுலாப் பயணிகள், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போய்விட்டுக் குமரிக் கடலையும் பார்த்துவிட்டுச் செல்லும் ஐயப்ப பக்தர்கள். இவர்களுக்கு நம் ஊரில் யாரையும் தெரியாது. காருக்குள் இருந்தபடியே போனில் தேடி, முதலில் வரும் மூன்று நான்கு கடைகளின் படங்களையும் நட்சத்திரங்களையும் பார்த்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவு எடுக்கப்படும் நேரத்தில் நம் கடை அங்கே சரியான தகவலோடு இருக்கிறதா என்பதுதான் இந்தச் சேவையின் முழுப் பொருளும்.

2014இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்த இந்தச் சேவை, 2021 நவம்பரில் இப்போதைய பெயரைப் பெற்றது. இதற்கெனத் தனியாக இருந்த செயலியை 2022இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது சொந்த ஜிமெயில் கணக்கோடு கூகுள் தேடலிலோ கூகுள் மேப்பிலோ நுழைந்து, நம் கடைப் பெயரைத் தேடினால், திருத்துவதற்கான பொத்தான்கள் அங்கேயே தெரியும். செயலியைத் தேடி அலைந்து, கிடைக்காமல், இந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

பதிவு செய்வது எளிது. கடை நம்முடையதுதான் என்று நிரூபிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், தபால் அட்டை, வீடியோ என்று பல வழிகள் இருந்தாலும், எந்த வழி நமக்கு என்பதைக் கூகுளே முடிவு செய்கிறது. நாம் தேர்ந்தெடுக்க இயலாது. அண்மைக் காலத்தில் வீடியோ கேட்பதுதான் அதிகம். அந்த வீடியோ அரை நிமிடத்துக்குக் குறையாமல், இடையில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்பட வேண்டும். கடை இருக்கும் இடம், கடை உண்மையில் நடக்கிறது என்பதற்கான அடையாளம், அதை நடத்துபவர் நாம்தான் என்பதற்கான சான்று ஆகிய மூன்றும் அதற்குள் தெரிய வேண்டும்.

எங்கள் வீடியோ மேம்பாலத்தின் தூணில் தொடங்குகிறது. அங்கிருந்து பக்கத்துக் கடைகளின் பலகைகளைக் காட்டியபடி நடந்து, எங்கள் பெயர்ப் பலகையில் சிறிது நின்று, பூட்டியிருந்த ஷட்டரைச் சாவி போட்டுத் திறந்து தூக்கி, உள்ளே சிப்ஸ் தட்டுகளையும் தேன் பாட்டில் வரிசையையும் காட்டி, பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷினைக் கடந்து, கல்லாவைத் திறந்து, சுவரில் மாட்டியிருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழில் முடிகிறது. பூட்டைத் திறப்பதும் கல்லாவைத் திறப்பதும் வாடிக்கையாளர் செய்ய முடியாத காரியங்கள் என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம். ஆட்களின் முகத்தைக் காட்டத் தேவையில்லை. கூட்டமில்லாத காலை நேரத்தில் எடுப்பது நல்லது; மார்த்தாண்டத்தில் பத்து மணிக்கு மேல் வீதியில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தால், இடையில் ஒரு பேருந்து வந்து பெயர்ப் பலகையை மறைக்காமல் இருக்காது. பரிசீலனைக்கு 5 வேலை நாட்கள் வரை ஆகலாம் என்று கூகுள் சொல்கிறது. நிராகரிக்கப்பட்டால், என்ன குறை என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. மறுபடியும் எடுத்து அனுப்ப வேண்டியதுதான். இந்த இடத்தில் சேவைக்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன்.

கடைப் பெயர் விஷயத்தில் விதி கடுமையானது. பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் இங்கும் இருக்க வேண்டும். பெயரோடு 'மார்த்தாண்டத்தின் சிறந்த சிப்ஸ், சுத்தமான தேன்' என்று தேடுசொற்களைக் கோப்பவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அப்படிச் செய்வது கூகுளின் விதிக்குப் புறம்பானது. பதிவு முடக்கப்படுவதற்கும் அது காரணமாகலாம். தேடலில் மேலே வருவதற்கு நேர்மையான இடம் வகைத் தேர்வுதான். முதன்மை வகை ஒன்றும், கூடுதல் வகைகள் 9 வரையும் தேர்ந்தெடுக்கலாம். கூகுளின் பட்டியலில் முந்திரிக்கொத்துக்கென்று தனி வகை கிடையாது. ஆகவே கடைக்கு மிக நெருக்கமான வகையை முதன்மையாக வைத்துவிட்டு, முந்திரிக்கொத்தையும் சர்க்கரை வரட்டியையும் பொருட்கள் பகுதியிலும் படங்களிலும் கடை பற்றிய விவரணையிலும் சொல்லிக்கொள்ளலாம். அந்த விவரணைக்கு 750 எழுத்துகள் வரை இடமுண்டு. நம் கடைக்காரர்கள் பலர் அந்த இடத்தை 'தரமே எங்கள் தாரக மந்திரம்' போன்ற வாசகங்களால் நிரப்புகிறார்கள். வண்டி நிறுத்த இடம் உண்டா, அட்டை வாங்குவார்களா, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்பதே வருபவர் அறிய விரும்புவது.

தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்ற ஒரே வரி, கேரளத்திலிருந்து வருபவர்களிடம் எங்களுக்குப் பத்து விளம்பரங்களின் வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வருபவர்களில் சிலர் அதே காரணத்துக்காகத் தயங்கி, வேறு எண்ணெயில் கிடைக்குமா என்று போன் செய்கிறார்கள். இருவருக்கும் அந்த வரி பயன்படுகிறது.

தேடுபவர்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள் என்பது இந்த மாவட்டத்துக்கே உரிய சூழல். எல்லா மொழியிலும் பெயரைத் திணிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் மொழியில் எழுதும் ரிவ்யூக்களிலேயே ஊர்ப் பெயரும் பலகாரப் பெயரும் அவரவர் வழக்கப்படி வந்துவிடுகின்றன.

படங்களைப் பொறுத்தவரை, ஜேபிஜி அல்லது பிஎன்ஜி வடிவில், 5 எம்பிக்கு மிகாமல் ஏற்றலாம். 720க்கு 720 பிக்ஸல் அளவைக் கூகுள் பரிந்துரைக்கிறது. ஸ்டூடியோ வெளிச்சமும் வடிவமைப்பாளர் வேலையும் இங்கே தேவைப்படுவதில்லை. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுத்த கடை முகப்பின் படம்தான் அதிகம் பயன்படுவது. ஏனென்றால் காரில் வருபவர் கண்ணாடி வழியாகத் தேடுவது அந்தத் தோற்றத்தைத்தான். விலைப்பட்டியலின் படத்தைப் போடும்போது மட்டும் கவனம் தேவை. நேந்திரங்காய் விலையும் தேங்காய் எண்ணெய் விலையும் ஏறும் வேகத்தில் பழைய விலைப்படம் அங்கேயே தங்கிவிட்டால், கல்லாவில் நின்று வாடிக்கையாளரோடு வாதாட நேரும்.

மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கடம் உண்டு. 2018இல் திறக்கப்பட்ட சுமார் 2.5 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஊரின் கடைவீதிக்கு மேலாகவே போகிறது. வரைபடத்தைப் பார்த்து வருபவர் பாலத்தில் ஏறிவிட்டால், நம் கடைக்கு நேர் மேலே வந்து நிற்பார். கீழே இறங்க வழியிருக்காது. மேலிருந்தபடி போன் செய்து, "சேட்டா, மேப் இவிடெத்தன்னெ காணிக்குந்நு, கட எவிடெயாணு?" (வரைபடம் இங்கேதான் காட்டுகிறது, கடை எங்கே?) என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எங்கள் கடையில் அன்றாட வேலையாக இருந்தது. கடையின் குறியை நாமே நகர்த்தி, வாசலில் சரியாக ஊன்ற முடியும். ஆனால் எந்த வழியாக வருவது என்பதைத் தீர்மானிப்பது கூகுளின் கணக்கு. ஆகவே விவரணையின் முதல் வரியிலேயே 'மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச் சாலையில் வரவும்' என்று எழுதி, பாலம் பிரியும் இடத்தின் படம் ஒன்றையும் சேர்த்தோம். அழைப்புகள் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கின்றன. வரைபடத்தில் உயரத்துக்குக் கணக்கில்லை என்பது இந்தச் சேவையின் பெரிய குறை என்று நாடெங்கும் யாரும் புகார் செய்யமாட்டார்கள்; பாலத்துக்கடியில் பிழைப்பவர்களுக்கு அது பெரிய குறைதான்.

கடை திறக்கும் நேரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில், குமரி மாவட்டத்தில் அதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போவதற்காகக் கடையை மூடுபவர்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் தக்கலை, குளச்சல் பக்கம் பல கடைகள் சாத்தியிருக்கும். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் வருவதோ ஞாயிற்றுக்கிழமைகளில். நேரத்தைத் தவறாகப் போட்டு வைத்திருந்தால், அரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து பூட்டிய ஷட்டரைப் பார்த்தவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் மார்கழித் தேர், கிறிஸ்துமஸ், ஓணம் என்று ஆண்டு முழுவதும் வரும் நாட்களுக்குச் சிறப்பு நேரம் குறிக்கும் வசதி இந்தச் சேவையில் உண்டு. முன்கூட்டியே ஒரே அமர்வில் உட்கார்ந்து அவற்றைக் குறித்துவிடலாம். ஓண வாரத்தில் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் வாங்க எல்லை தாண்டி வருபவர்களுக்கு, இரவு எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும் என்ற தகவல் போதும். அதற்கென வண்ணப் போஸ்டர் எதுவும் வேண்டாம்.

இனி ரிவ்யூக்கள். இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் கூடுவது இங்கேதான்.

எங்கள் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களில் கிடைப்பது. ரப்பர் மரங்கள் புதிதாகத் தளிர்க்கும் பருவத்தில் தளிரிலைக் காம்புகளில் ஊறும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரிக்கின்றன. குளுக்கோஸ் மிகுந்த அந்தத் தேன் சீக்கிரத்தில் உறைந்து, பாட்டிலின் அடியில் மணல்போலத் திரளும். இது தேனின் இயல்பு. வாங்கிப் போன ஒருவர், அதைச் சர்க்கரைப் பாகு என்று எண்ணி, 'கலப்படத் தேன், யாரும் ஏமாறாதீர்கள்' என்று படத்தோடு எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டார். அதை நீக்கும்படி கூகுளிடம் முறையிட்டுப் பயனில்லை. ஏனென்றால் அவர் உண்மையில் வாங்கியவர், தாம் கண்டதை எழுதியவர். விதிமீறல் இருந்தால் மட்டுமே கூகுள் ரிவ்யூவை நீக்கும். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்காது. அது நியாயமும்கூட.

நாங்கள் அதன்கீழ் இப்படிப் பதில் எழுதினோம்: "வணக்கம். தாங்கள் வாங்கியது ரப்பர் தோட்டத் தேன். அது விரைவில் உறையும் தன்மை கொண்டது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம். தங்களுக்கு ஐயம் நீங்கவில்லையென்றால் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், பணத்தைத் தருகிறோம்." அவர் திரும்பி வரவும் இல்லை, நட்சத்திரத்தை மாற்றவும் இல்லை. ஆனால் அதன்பின் கடைக்கு வந்தவர்கள் பலர், அந்தப் பதிலைப் படித்ததாகச் சொல்லி, உறைந்த தேனையே கேட்டு வாங்கினார்கள். உரிமையாளர் எழுதும் பதில், குறை சொன்னவருக்காக எழுதப்படுவதுபோல் தோன்றினாலும், அதைப் படித்து முடிவெடுப்பவர் அடுத்து வரப்போகிறவர்தான். சிப்ஸில் காறல் வாடை அடிக்கிறது என்று எழுதியவரிடம் 'எங்கள் கடையில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை' என்று சண்டைக்குப் போகும் கடைக்காரர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. பாக்கெட்டில் உள்ள தேதியைக் கேட்டு, மாற்றித் தருவதாகச் சொல்லும் இரண்டு வரி போதும்.

'ரிவ்யூ போட்டால் 100 கிராம் சிப்ஸ் இலவசம்' என்று கல்லாவில் அட்டை ஒட்டுவது கூகுளின் விதிப்படி கூடாது. திருப்தி அடைந்தவர்களிடம் மட்டும் பொறுக்கி எடுத்து ரிவ்யூ கேட்பதும் கூடாது. இந்தியாவில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய ரிவ்யூக்களுக்கென ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. அது கட்டாயமாக்கப்படாத தரநிலைதான். ஆயினும் காசுக்கு வாங்கிய பாராட்டுரைகளை அரசும் ஒரு பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இதற்குப் பிறகும், நட்சத்திரங்களை மொத்த விலைக்குத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருவது நிற்கவில்லை. நம் கடைப் பக்கத்தில் வடமாநிலப் பெயர்களில் ஒரே நாளில் இருபது பேர் 'நைஸ் ஷாப்' என்று எழுதியிருந்தால், களியக்காவிளைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

மாதப் பேக்கேஜ் விற்கும் விளம்பர நிறுவனங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உண்மையாக உழைக்கும் இளைஞர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நல்ல படம் எடுக்கவும் மலையாளத்தில் பதில் எழுதவும் அவர்கள் உதவியைக் காசு கொடுத்தே பெறலாம். ஆனால் 'கூகுளில் முதலிடம் உறுதி' என்று சொல்லி மாதக் கட்டணம் கேட்பவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம். உள்ளூர்த் தேடலின் வரிசையைத் தீர்மானிப்பவை பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றும் என்றும், பணம் வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் ஏற்றிவிடுவதில்லை என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இதில் தொலைவு என்பது தேடுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. குழித்துறையில் நின்று தேடுபவருக்கும் கருங்கலில் நின்று தேடுபவருக்கும் வரிசை வேறுபடும் என்னும்போது, யாருக்கு முதலிடம் என்று அவர்கள் உறுதி கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. 'உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்கக் கட்டணம் செலுத்துங்கள்' என்று வரும் தொலைபேசி அழைப்புகள் அப்பட்டமான மோசடி. இந்தச் சேவைக்குப் புதுப்பிப்புக் கட்டணமே கிடையாது.

இதைவிடச் சிக்கலானது உரிமை. எங்கள் தெருவில் ஒரு துணிக்கடைக்காக ஒரு நிறுவனம் பதிவை உருவாக்கிக் கொடுத்தபோது, தன் சொந்த மின்னஞ்சல் கணக்கிலேயே உருவாக்கி, தன்னையே முதன்மை உரிமையாளராக வைத்துக்கொண்டது. மாதக் கட்டணம் நின்றதும், கடை போன் எண்ணை மாற்றக்கூடக் கடைக்காரரால் முடியவில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு: அந்தப் பதிவுக்கு உரிமை கோரி விண்ணப்பித்தால், இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாட்கள் தரப்படும், அவர் பதில் சொல்லாவிட்டால், நாமே சரிபார்ப்பு செய்து உரிமை பெற வாய்ப்புக் கிடைக்கலாம். அதற்கெல்லாம் போகாமல், தொடக்கத்திலேயே கடைக்காரர் தம் கணக்கில் பதிவு செய்துவிட்டு, நிறுவனத்தை மேலாளராக மட்டும் சேர்ப்பது முறை. மேலாளரை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.

குறைகளில் எனக்கு மிகவும் கவலையளிப்பது, யார் வேண்டுமானாலும் நம் தகவல்களுக்குத் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பது. நேரம் தவறு, எண் தவறு, கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று முகம் தெரியாத ஒருவர் பரிந்துரைக்க, கூகுள் அதை ஏற்றுக்கொள்ளவும் கூடும். நமக்கு அறிவிப்பு வரும். அதைப் பார்க்காமல் விட்டால், கடை திறந்திருக்கும்போதே உலகுக்கு மூடப்பட்ட கடையாகிவிடுவோம். வாரம் ஒருமுறை நம் பக்கத்தைத் திறந்து பார்ப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை. பதிவு முடக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். மேல்முறையீட்டில் ஆதாரங்களைச் சேர்க்கும் படிவத்தைத் திறந்த பிறகு 60 நிமிடங்களுக்குள் ஆவணங்களை ஏற்றியாக வேண்டும். வாடகைக் கடையில் மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருப்பதே நம் ஊரில் வழக்கம் என்பதால் அந்த ரசீது உதவாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, ஜிஎஸ்டி சான்றிதழ், உணவுக் கடையென்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் ஆகியவற்றில், பலகையில் உள்ள அதே பெயரும் அதே முகவரியும் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து, போனில் ஒரு கோப்புறையில் வைத்திருப்பது நல்லது.

சொல்லாமல் வசதிகளைப் பிடுங்குவதும் கூகுளின் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுத்தான் பிடுங்குகிறார்கள், ஆனால் பிடுங்குகிறார்கள். இந்தச் சேவையிலிருந்தே இலவசமாக உருவாக்கிக்கொண்ட சிறு இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. வாடிக்கையாளரோடு உரையாடும் வசதியும் அழைப்பு வரலாறும் அதே ஆண்டு ஜூலை இறுதியோடு முடிந்தன. அந்த இலவச இணைய முகவரியைப் பையிலும் பில்லிலும் அச்சடித்து வைத்திருந்தவர்களின் அச்சுச் செலவுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற கணக்கு கிடைக்கிறது. அழைப்பு என்று காட்டப்படுவது பொத்தானைத் தொட்டவர்களின் எண்ணிக்கை மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், இது பயனுள்ள கணக்கு. எங்களைப் பொறுத்தவரை 'வழி கேட்டவர்கள்' என்ற எண்தான் கல்லாவோடு ஒத்துப்போகிறது. இன்ஸ்டாகிராமில் நூற்றுக்கணக்கானோர் விரும்பிய ரீல்ஸ் ஒன்றால் அந்த வாரம் விற்பனை கூடியதாக எனக்குத் தெரியவில்லை. கொதிக்கும் எண்ணெயில் நேந்திரங்காய் சீவி விழுவதைப் பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கிறது. பார்த்தவர் சேலத்தில் இருக்கிறார். காசு கொடுத்து அதைப் பூஸ்ட் செய்தால், விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, ஒரு கிலோ சிப்ஸில் கிடைக்கும் லாபத்தை எளிதில் விழுங்கிவிடும்.

ஒருமுறை வந்தவரை மீண்டும் வாங்கவைக்கக் கூகுளால் ஆகாது; அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ்தான் சரி. அதன் கேட்டலாக்கில் 500 பொருட்கள் வரை விலையோடு போடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே பில்லோடு சேர்த்து, எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி வாயால் கேட்பதுதான் உண்மையான விளம்பரம். கூரியரில் அனுப்பும் வியாபாரம் அந்த வழியில்தான் நடக்கிறது. நம் வரைபடப் பக்கத்தில் வாட்ஸ்அப் இணைப்பைச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

எல்லாத் தொழிலுக்கும் இது ஒரே அளவில் பயன்படாது. கன்னியாகுமரி சன்னதித் தெருவில் விடுதியோ உணவகமோ வைத்திருப்பவருக்கு இது இன்றியமையாதது. வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து செய்து கொடுக்கும் பெண்கள், முகவரியை மறைத்துவிட்டு, தாங்கள் நேரில் கொண்டு கொடுக்கும் பகுதிகளை மட்டும் 20 வரை குறிப்பிட்டுப் பதிவு செய்யலாம். தோவாளை மலர்ச் சந்தையில் மொத்த வியாபாரம் செய்பவருக்கோ, புவிசார் குறியீடு பெற்ற வடசேரிக் கோயில் நகைகளைச் செய்யும் கைவினைஞருக்கோ, வழியில் போகிறவர் தேடி வருவதால் பெரிய லாபமில்லை. அவர்களுடைய வாங்குபவர்கள் வேறு வழியாக வருகிறார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று, சிக்கல் வந்தால் தமிழில் எடுத்துச் சொல்லப் பேச ஒரு மனிதர் எளிதில் கிடைக்காததற்காக.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மாவட்டத்தில் இத்தகைய வேலைகளை வீட்டிலுள்ள படித்த பிள்ளைதான் செய்து கொடுக்கும். அந்தப் பிள்ளை தன் ஜிமெயிலில் பதிவு செய்துவிட்டு, அடுத்த ஆண்டு துபாய்க்கோ கத்தாருக்கோ விமானம் ஏறிவிடும். ஓடிபி அங்கே போகும், கடையில் அப்பா இங்கே காத்திருப்பார். ஆகவே பதிவு முடிந்த அன்றே, கடையில் உட்காரும் அப்பாவின் கணக்கை இரண்டாவது உரிமையாளராகச் சேர்த்து, கடவுச்சொல்லைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதாமல் வேறு பத்திரமான இடத்தில் வைத்துவிடுங்கள்.